எழுதத் தொடங்கிய பிறகு கதை படிப்பது எப்படி

கதை எழுதத் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுகள் ஆனவர்கள் பலரிடம் ஒரே குறையைக் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும். இப்போதோ பத்துப் பக்கம் நகர்வதற்குள் மனம் கதையை விட்டு விலகி, இந்த வாக்கியம் ஏன் இங்கே வந்தது, இந்தப் பாத்திரத்தை ஆசிரியர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்தார் என்று ஆராயப் போய்விடுகிறது என்பார்கள். எனக்கும் அது நேர்ந்தது. என் முதல் சிறுகதை ஒரு சிற்றிதழில் வெளிவந்த பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், ஒரு நாவலைக்கூடப் பழைய நிறைவோடு நான் படித்து முடிக்கவில்லை. எழுத்துக்கு விலையாக வாசிப்பைக் கொடுத்துவிட்டோமோ என்று அந்நாட்களில் உண்மையாகவே அஞ்சினேன். அந்த இன்பத்தைத் திரும்பப் பெறுவதற்கு நான் செய்து பார்த்தவற்றில் பலன் தந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். கதையின் உள்வேலை தெரிந்துவிட்டதால்தான் சுவை போய்விட்டது என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியானால் பாரதக் கூத்தை யாருமே பார்க்க முடியாது. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில், துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்பது அங்கே அமர்ந்திருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். வேடம் கட்டியிருப்பவர் யார், அவர் எந்த இடத்தில் குரலை உயர்த்துவார் என்பதும் ஊருக்குத் தெரியும். அவ்வளவும் தெரிந்தவர்கள்தான் விடியும்வரை கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே, தெரிந்துகொண்டது குற்றமில்லை. வேறு ஏதோ ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

எது இடையூறு என்று பார்க்கும் வழி

இதற்கு ஒரு சோதனை உண்டு; ஒருமுறை செய்தால் போதும். நீங்கள் இதுவரை படிக்காத, நல்ல நாவல் என்று பிறர் சொல்லக் கேட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும். முதல் ஐம்பது பக்கங்களைப் படிக்கும்போது, மனம் கதையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் தாளில் ஓர் எழுத்தை மட்டும் குறியுங்கள். கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனித்ததால் வெளியேறினால் ‘க’. வாக்கியத்தைத் திருத்த வேண்டும் போலிருந்ததால் வெளியேறினால் ‘தி’. நான் எழுதியிருந்தால் எப்படி இருக்கும், இவரளவுக்கு என்னால் எழுத முடியுமா, இவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெயர் என்பன போன்ற நினைப்புகளால் வெளியேறினால் ‘நா’.

இதில் நேர்மையாக இருப்பது எளிதன்று. மூன்றாவது வகை நினைப்பு பெரும்பாலும் முதல் வகையின் உடையை அணிந்துகொண்டுதான் வரும். ‘இந்த உத்தி பழையது’ என்று எனக்குத் தோன்றிய பல இடங்களில் உண்மையில் நான் நினைத்தது, ‘இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்’ என்பதே. ஐம்பது பக்க முடிவில் என் தாளில் இருந்தவற்றில் பாதிக்கும் மேல் ‘நா’. கதைக்கு நடுவே ஓயாமல் வந்து நின்றவன் நான்தான் என்பது அன்று தெரிந்தது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால் கணக்கு வேண்டியிருக்கிறது.

கட்டுமானம் கண்ணில் படும்போது

‘க’ அதிகமாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அது நோயன்று, நேரம் தவறி வந்த நல்ல விருந்தாளி. அதைச் சற்றுக் காத்திருக்கச் சொன்னால் போதும்.

என் பள்ளிப் பருவத்தில் எங்கள் வீட்டில் ‘பொன்னியின் செல்வன்’ இருந்தது. கடையில் வாங்கிய புத்தகமாக இல்லை. வாரப்பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தடித்த அட்டை போட்டு பைண்டு செய்த தொகுதிகளாக. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த அந்தத் தொடர், பின்னரும் பத்திரிகையில் மறுபடி வெளியிடப்பட்டபோது என் தாயார் சேர்த்தது. படங்களும் விளம்பரங்களும் துணுக்குகளும் சேர்ந்தே இருந்த அந்தத் தொகுதிகளை விடுமுறையில் சோறு தண்ணீர் மறந்து படித்தேன். எழுதத் தொடங்கிய பின் திரும்பப் படித்தபோது முதல் அத்தியாயத்திலேயே ஒன்று புலப்பட்டது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவன் சோழ நாட்டுக்குப் புதியவன். அரண்மனைச் சூழ்ச்சி எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆகவே யார் எவருக்கு உறவு, எவருக்கு எவர்மீது பகை என்பதையெல்லாம் பிறர் அவனுக்குச் சொல்லியாக வேண்டும். அவனுக்குச் சொல்லும்போதே வாசகருக்கும் சொல்லியாகிவிடுகிறது. வரலாற்றுப் பாடம் எடுக்காமல் ஒரு பேரரசின் உட்பூசலை விளக்க இதைவிடச் சிறந்த வழி எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அத்தியாயங்களின் முடிவில் ஏதாவது ஒன்று பாதியில் நிறுத்தப்படுவதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அடுத்த இதழ் வரும்வரை வாசகர் ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டுமே.

இவற்றையெல்லாம் கண்டபின் அந்த நாவல் எனக்குச் சிறியதாகிவிடவில்லை. சிறுவனாக இருந்தபோது வந்தியத்தேவனோடு குதிரையில் போனேன். இப்போது அந்தக் குதிரையை ஓட்டியவரின் கையையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஆனால் முதல்முறையாகப் படிக்கும் ஒரு நாவலில் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் இரண்டுமே கெடும். இங்கேதான் நாம் ஒழுங்கு ஒன்றை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

தமிழ் விமர்சனத்தில் இதையொட்டி ஒரு பழைய வழக்கு உண்டு. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, படைப்பைப் பகுத்து அலசிக் காட்டுவதே விமர்சனம் என்ற பக்கம் நின்றார், க.நா. சுப்ரமண்யம் ரசனையின் பக்கம் நின்றார். இருவரும் புனைகதை எழுதியவர்கள் என்பது இங்கே முக்கியம். எழுதுகிறவனுக்கு இவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் தேவை இல்லை என்பது என் கருத்து. முதல் வாசிப்பை க.நா.சு.வுக்கும் இரண்டாம் வாசிப்பைச் செல்லப்பாவுக்கும் கொடுத்துவிடலாம்.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். முதல் வாசிப்பின்போது கையில் பென்சில் கூடாது. மேசையில் உட்காரக் கூடாது. எழுதுகிற இடமும் படிக்கிற இடமும் வேறாக இருக்க வேண்டும், வீடு சிறியதென்றால் நாற்காலியையாவது திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் நாற்பது பக்கங்களுக்குக் குறையாமல் படிக்க வேண்டும், ஏனென்றால் நாவலின் உலகத்துக்குள் நுழைவதற்கே எழுதுகிறவனுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் பிடிக்கிறது. ஏதேனும் உத்தி கண்ணில் பட்டால் ‘இரண்டாம் முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு நகருங்கள். தொடக்கத்தில் இது வெறும் வாய்ப்பேச்சாகத் தோன்றும். இரண்டாம் முறை உண்மையிலேயே வருகிறது என்று மனம் நம்பத் தொடங்கிய பிறகு, அது அடங்கிவிடும்.

படித்து முடித்ததும் உடனே திரும்பத் திறக்காதீர்கள். இரண்டு நாட்கள் கழித்து, புத்தகத்தைப் பார்க்காமல், மனத்தில் நின்ற மூன்று காட்சிகளை உங்கள் நினைவில் இருக்கிறபடியே எழுதுங்கள். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து அந்தக் காட்சிகளோடு ஒப்பிடுங்கள். நான் சொல்பவற்றில் இந்த ஒன்றை மட்டுமாவது நீங்கள் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு சிறுகதையில் மழை கதை முழுவதும் பெய்துகொண்டிருந்ததாக எனக்கு நினைவு. திறந்து பார்த்தால் மழை ஒரே வாக்கியத்தில் இருந்தது. மற்றதெல்லாம் ஈரக்குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவர் தடுமாறுவதுதான். அந்த மழையை நானே பெய்வித்திருக்கிறேன். அதைக் கண்டுகொண்ட கணத்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி, எழுதாத காலத்தில் நான் அறிந்திருக்க முடியாத ஒன்று.

திருத்தும் கை

‘தி’ அதிகமாக உள்ளவர்கள் பெரும்பாலும் மெய்ப்புப் பார்ப்பவர்களாகவோ, நண்பர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்பவர்களாகவோ இருப்பார்கள். கூர்மையான செவி உள்ளவர்களுக்குத் திருத்தும் ஆசையை அடக்குவது இன்னும் கடினமானது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரைவிடக் கம்பனில் தோய்ந்தவர் ஒருவரைச் சொல்வது கடினம். திருநெல்வேலியில் தம் வீட்டில் நடந்த ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்தில் ஒரு பாடலை மீண்டும் மீண்டும் நிதானமாகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களின் நெஞ்சில் அதை ஏற்றியவர். அவரே தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் வாக்கு அல்ல என்று விலக்கினார், சில இடங்களில் சொற்களை மாற்றினார், அதற்காகக் கடும் எதிர்ப்பையும் பெற்றார். அவ்வளவு பெரிய ரசிகருக்கே அந்தக் கை நீண்டதென்றால், நம் கையைப் பற்றி நாம் கவனமாக இருக்க வேண்டும்.

நான் கையாளும் முறை எளியது. படிக்கும்போது ஓர் இடம் தளர்வாகவோ தேவையற்றதாகவோ தோன்றினால், அது வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டது என்று கதை முடியும்வரை வைத்துக்கொள்கிறேன். ஜெமினி ஸ்டுடியோவில் பத்தாண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்த அசோகமித்திரன், அந்த உலகத்திலிருந்து எழுதிய கதைகளில் ஒன்று ‘புலிக்கலைஞன்’. சினிமா கம்பெனி அலுவலகத்தின் டிபன் இடைவேளையைப் பற்றிச் சாவதானமாகப் பேசிக்கொண்டு அது தொடங்குகிறது. எழுதத் தொடங்கிய புதிதில் அதைப் படித்தபோது, அந்தப் பத்திகளைச் சுருக்கிவிட்டு, வாய்ப்புக் கேட்டு வரும் புலிவேடக் கலைஞனை முதல் வரியிலேயே உள்ளே கொண்டுவந்திருக்கலாம் என்று நினைத்தேன். கதையைப் பொறுமையாக முடித்த பிறகுதான், அந்த மந்தமான அலுவலகப் பகல் முழுதாக நமக்குள் இறங்கியிருந்தால் மட்டுமே அந்த அறையில் புலி பாயும்போது நம் உடல் பின்வாங்கும் என்பது புரிந்தது. நான் சுருக்கியிருந்தால் புலி பாய இடமிருந்திருக்காது. இப்படி ஐந்தாறு முறை தோற்றபின் திருத்தும் கை தானாகவே மடியில் அமர்ந்துகொள்ளும்.

எல்லாத் தளர்வும் வேண்டுமென்றே செய்யப்பட்டதில்லை. மோசமாக எழுதப்பட்ட நாவல்களும் உண்டு. அறுபது பக்கம் நம்பிக்கையோடு படித்தும் ஒன்றும் நிகழவில்லை என்றால் மூடிவைத்துவிடுங்கள். நண்பர்களின் கைப்பிரதிகளை மேசையில், பகலில், பென்சிலோடு மட்டும் படியுங்கள். அவை வாசிப்பு நேரத்துக்குள் நுழையக் கூடாது.

நடுவே வந்து நிற்கும் ‘நான்’

இனி மூன்றாவது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்களுக்குள்கூட அதிகம் பேசுவதில்லை. ஒரு நல்ல வாக்கியத்தைப் படித்தவுடன் மகிழ்ச்சிக்கு முன்பாக ஒரு சிறு வலி வருகிறதென்றால், அந்த மகிழ்ச்சி உங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். சம வயதினரின் புத்தகங்களில் இது மிகுதி. நீங்கள் எழுத நினைத்திருந்த ஊரையோ தொழிலையோ பற்றி வேறொருவர் எழுதிய நாவலில் இன்னும் மிகுதி. பொறாமைப்படாதே என்று மனத்துக்கு அறிவுரை சொல்வதால் பயனில்லை. கைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தை, அல்லது அந்தப் பத்தி முழுவதையும், உங்கள் குறிப்பேட்டில் கையால் பார்த்து எழுதுங்கள். கீழே ஆசிரியர் பெயரை எழுதுங்கள். கணினியில் தட்டச்சு செய்வது இதற்கு ஈடாகாது. கையெழுத்தின் வேகத்தில்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அவர் எங்கே நின்றிருப்பார் என்று தெரியவரும். அன்றைக்கே அந்தப் பத்தியை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆசிரியர் நம்மோடு வாழ்பவர் என்றால், எந்த இடம் எதனால் உங்களை நிறுத்தியது என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். உங்கள் எழுத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. முதல் கடிதத்தை எழுதுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு அவருடைய புத்தகங்களை நான் படித்த விதமே மாறிவிட்டது, ஏனென்றால் நான் அப்போது அவருக்குப் போட்டியாக இல்லை, அவருடைய வாசகனாக என்னையே எழுதிக் கொடுத்துவிட்டிருந்தேன்.

இதைவிட ஆழமான வழி மொழிபெயர்ப்பு. ஒரே ஒரு கதை, அல்லது ஒரே ஒரு பக்கம் போதும். வெளியிடும் எண்ணம் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த இன்னொரு மொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறபோது, ‘நான் எப்படி எழுதியிருப்பேன்’ என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. அவர் என்ன எழுதியிருக்கிறார் என்பது ஒன்றே கேள்வி. நம் முன்னோடிகள் பலரும் இதைச் செய்திருக்கிறார்கள். புதுமைப்பித்தன் தம் கதைகளை எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே பிறநாட்டுக் கதைகள் பலவற்றைத் தமிழாக்கினார். ‘பொய்த்தேவு’ நாவலை எழுதிய க.நா.சு., க்னூட் ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்றும், செல்மா லாகர்லெவின் நாவலை ‘மதகுரு’ என்றும், பேர் லாகர்க்விஸ்டின் நாவலை ‘அன்புவழி’ என்றும் தமிழுக்குத் தந்தார். சொந்த நாவல்களுக்குச் செலவிட்டிருக்கக்கூடிய காலத்தை ஒருவர் பிறருடைய நாவல்களுக்குக் கொடுக்கிறார் என்றால், வாசிப்பின் இன்பம் அவரிடம் எவ்வளவு முழுமையாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

போட்டிக்கே இடமில்லாத நூல்களையும் இடையிடையே படிக்கலாம். தமிழ் நாவலின் தொடக்கக் காலம் இதற்கு மிகப் பொருத்தமானது. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கதைக்குள் கதையாகப் போய்க்கொண்டே இருக்கும். 1896இல் நூலாக வந்த ‘கமலாம்பாள் சரித்திரம்’ குடும்பக் கதையிலிருந்து வேதாந்தத்துக்குப் போய்ச் சேரும். இன்று நாம் கற்றுக்கொண்ட விதிகள் பலவற்றை வேதநாயகம் பிள்ளையும் ராஜம் ஐயரும் கேள்விப்பட்டதே இல்லை. அளவுகோலைக் கையில் எடுத்தால் எங்கே வைப்பது என்றே தெரியாது. ஆகவே அதைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க முடிகிறது. இருபத்தாறு வயதில் மறைந்துவிட்ட ராஜம் ஐயரின் அந்த நாவலில், ஊர்ப் பெண்கள் கூடி வம்பு பேசும் பக்கங்களைப் படித்தபோது, எத்தனையோ நாட்களுக்குப் பிறகு நான் என்னை அறியாமல் சிரித்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும் காலம்

சொந்த நாவலின் முதல் வரைவு ஓடிக்கொண்டிருக்கும் மாதங்களில் வலுவான நடை கொண்ட புனைகதைகளைத் தள்ளிவைப்பது நல்லது. தி. ஜானகிராமனைப் படித்துக்கொண்டே எழுதியபோது என் கரிசல் காட்டு விவசாயி திடீரென்று காவிரிக்கரைப் பேச்சுப் பேசத் தொடங்கினார். அதைவிடப் பெரிய இழப்பு, ஜானகிராமனின் உரையாடல்களை நான் அனுபவிக்காமல் அவற்றுக்கு எதிராகத் தற்காத்துக்கொண்டே படித்தது. அந்த மாதங்களில் கவிதை, பயண நூல், வரலாறு ஆகியவற்றைப் படியுங்கள். வரைவு முடிந்த மறுநாள் ஒரு நாவலை எடுத்தால் அதன் ருசியே தனி.

முன்பு மிகவும் விரும்பிய கதைகளுக்குத் திரும்பிப் போவதை மட்டும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். மேலே சொன்ன பயிற்சிகளில் சில மாதங்கள் பழகியபின், சிறிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நான் முதலில் திரும்பிப் போனது கு.ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’ கதைக்கு. தந்தி வருகிறது, அக்காளும் தம்பியும் இரவு ரயிலில் சென்னைக்குப் புறப்படுகிறார்கள், அவளுடைய கணவர் அங்கே மருத்துவமனையில் இருக்கிறார். முடிவு தெரிந்தே படித்தேன். இந்தக் கதையில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ரயில் பெட்டிக்குள் நடக்கிறது, பதற்றம் முழுவதையும் சின்னச் சின்னப் பேச்சும் மௌனமும் சுமக்கின்றன என்பதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தன. ஆனாலும் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அந்தப் பெட்டியில் நானும் விழித்திருந்தேன். கவனித்தலும் கரைதலும் ஒருசேர நடக்கும் என்று எனக்கு உறுதிப்பட்டது அன்றைக்குத்தான்.

கடைசியாக ஒரு பயிற்சி, இது நெடுநாள் செய்ய வேண்டியது. எழுதாத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். சிறுகதை என்றால் நாற்பது நிமிடம், நாவல் என்றால் ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம். உங்கள் கதையைப் படிக்கக் கூடாது. கேட்பவரிடம் உத்திகளைப் பற்றி எதுவும் விளக்கக் கூடாது. என் தாயாருக்கு இப்போது கண்பார்வை குறைந்துவிட்டதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பழைய பைண்டு தொகுதிகளிலிருந்து நான் படிக்கிறேன். தாள் பழுத்துவிட்டது, ஓரங்கள் உதிர்கின்றன, சில பக்கங்களில் வரிகள் விளம்பரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகின்றன. நேற்று அத்தியாயம் முடிந்து தொகுதியை மூடினேன். “அடுத்ததையும் படிச்சிடுப்பா, பாதியில விட்டா எப்படி?” என்றார். எத்தனையோ முறை படித்தவர் அவர். எனக்கும் நிறுத்த மனமில்லை. விளக்கைச் சற்று அருகில் நகர்த்திவிட்டுத் தொடர்ந்தேன்.